படிக்க எழுதினது, ஓட ஆரம்பிச்சது

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: ஒரு ப்ரோகிராமிங் மொழியைத் தனி ஆளா உருவாக்க முடியுமா? முடியும். லிஸ்ப் மொழியோட கதையில, உருவாக்கினவரே எதிர்பார்க்காத நேரத்துல அது நடந்தது.

1958. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஜான் மெக்கார்த்தி கணக்கு வாத்தியார் மாதிரி யோசிக்கிற ஆள். அவர் கையில் இருந்தது ஐ.பி.எம். 704, வால்வுகளில் ஓடும் பெரிய கம்ப்யூட்டர். ஃபோர்ட்ரான் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அது எண்களுக்கான மொழி. மெக்கார்த்திக்கு வேண்டியதோ சொற்களையும் சூத்திரங்களையும் பட்டியல்களாகக் கையாளும் மொழி.

1960இல் வெளியான தன் கட்டுரைக்காக அவர் 'இவால்' என்று ஒரு ஃபங்ஷனை எழுதினார். எந்த லிஸ்ப் நிரலைக் கொடுத்தாலும் அதன் விடையைச் சொல்லும் ஃபங்ஷன், அதுவும் லிஸ்பிலேயே எழுதப்பட்டது. காகிதத்தில் படித்து ரசிக்கத்தான். அவருடைய குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் படிச்சுட்டு, இதை நான் மெஷின் கோடா எழுதிடறேனேன்னார். நீ தியரியையும் நடைமுறையையும் போட்டுக் குழப்புறன்னு மெக்கார்த்தி சிரிச்சார். ரஸ்ஸல் கேட்கலை. உட்கார்ந்து எழுதினார், வழியில் இருந்த தப்புகளையும் திருத்தினார். ஓடிடுச்சு! (பின்னாடி 1962இல் 'ஸ்பேஸ்வார்' கேம் எழுதினதும் இதே ஆள்தான்.)

இங்கதான் சிக்கல். மெக்கார்த்தி மனசுல இதைவிட அழகான எழுத்துமுறை ஒண்ணு இருந்தது. அடைப்புக்குறிகள் உள்ளுக்குள்ள வேலைக்கு மட்டும்தான். ஆனா மெஷின்ல ஓடினது அடைப்புக்குறி வடிவம், ஆட்கள் அதுலயே பழகிட்டாங்க. இன்னைக்கும் லிஸ்ப்னா அடைப்புக்குறிக் காடுதான்.

ஒரு பிழையும் கூடவே வந்தது. ஒரு சீட்டுல "அம்மாவுக்கு போன் போடு"ன்னு எழுதி நண்பன்கிட்ட கொடுக்கறீங்க. அவன் தன்னோட போன்ல 'அம்மா'ன்னு தேடி அவங்க அம்மாவுக்குப் போட்டுட்டான்னா? ஆரம்ப லிஸ்ப் அப்படித்தான். ஒரு ஃபங்ஷனை இன்னொன்றிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் பெயரின் அர்த்தத்தை எழுதின இடத்தில் தேடாது, ஓடுற இடத்தில் தேடும். சின்ன பிழை, ரஸ்ஸல் சரிபண்ணிடுவார்னு மெக்கார்த்தி நினைச்சார். அது அவ்வளவு லேசில் போகவில்லை. ஈமேக்ஸ் எடிட்டரின் லிஸ்பில், எழுதின இடத்தில் தேடும் வசதி 2012இல்தான் வந்தது.

போன வருஷம் நானும் பைத்தானில் ஒரு குட்டி லிஸ்ப் எழுதினேன், இருநூறு வரி இருக்கும். கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்குக் கொடுத்ததும் விடை தப்பு. ரெண்டு ராத்திரி தேடினேன். கடைசில பார்த்தா அதே பிழை, அதே இடம். திருத்தம் ஒரே வரிதான்: ஃபங்ஷன் பிறக்கும்போதே அதன் சுற்றுப்புறத்தையும் கூடவே முடிஞ்சு வச்சுடணும். அந்த வரியை இன்னும் அழிக்காம வச்சிருக்கேன், பக்கத்துல '1960' என்று ஒரு கமெண்ட்டோட.