வீட்டுக்குள் ஒரு சேவையகம்: ஃபிரீடம்பாக்ஸ் வாக்குறுதியும் கதவிலக்கமற்ற இணையமும்

2010 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மாக்லென் ஆற்றிய உரை, தாமே சேவையகம் பேணுதல் என்னும் கருத்தின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அஞ்சல், நிழற்படம், உரையாடல் அனைத்தையும் சில பெருநிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்ட பயனர் அவற்றை மீட்பதற்கு அவர் காட்டிய வழி எளியது: சுவரிலுள்ள மின்செருகியில் பொருந்தும் சிறு கணினி, அதனுள் கட்டற்ற மென்பொருள். இது வெறுங்கனவன்று. முந்தைய ஆண்டே மார்வெல் நிறுவனம் அத்தகைய ஷீவாபிளக் கருவியை 99 டாலருக்கு அறிமுகப்படுத்தியிருந்தது.

2011 பிப்ரவரியில் ஃபிரீடம்பாக்ஸ் அறக்கட்டளை கிக்ஸ்டார்ட்டரில் 60,000 டாலர் கோரியது. 80,000 டாலருக்கு மேல் திரண்டது. தொழில்நுட்பம் அறியாதவரும் செருகியவுடன் பயன்படுத்தலாம் என்பதே அந்த ஆதரவின் அடிப்படை.

அதே பிப்ரவரியின் 3ஆம் நாள் உலகின் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐபிவி4 முகவரித் தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பதிவகம் பங்கீட்டு முறைக்கு மாறியது. இவ்விரு நிகழ்வுகளும் பெரும்பாலும் தனித்தனி வரலாறுகளாகவே சொல்லப்படுகின்றன. சேர்த்துப் படித்தால்தான் பின்விளைவு புலப்படும். முகவரி அருகியதால் சேவை வழங்குநர்கள் பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்தளித்தனர். அத்தகைய வீட்டிலிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து வருபவர் தட்டுவதற்குக் கதவிலக்கம் இல்லை. இந்திய இணைப்புகள் பலவற்றின் நிலை இதுவே. முகவரி கிடைத்தாலும் மின்னஞ்சல் வேறொரு தடையைச் சந்திக்கிறது: வீட்டு இணைப்பிலிருந்து புறப்படும் மடலை ஐயத்துக்குரியதாகக் கருதும் பெறுநர் சேவையகங்கள் ஏராளம்.

உருவாக்குநர்கள் இவற்றை மறைத்தவர்கள் அல்லர். ரவுட்டர் அமைப்பு பற்றிக் கையேட்டில் விளக்கினர். பேஜ்கைட், டார் போன்ற வழிகளையும் சேர்த்தனர். பேஜ்கைட் வழியில் மட்டும் ஒரு முரண் உண்டு. வீட்டுப் பெட்டியை வெளியுலகம் அடைவதற்கு மீண்டும் பிறரது சேவையகம் தேவைப்படுகிறது. டெபியனின் அங்கமாகவே வளர்ந்த மென்பொருள் தரமானது. சொடுக்கி நிறுவும் வசதியும் மெய்யே. ஆயினும் பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் அதைப் பொதித்த பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஆண்டு 2019. நிதி திரட்டி எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஐயுறவு எழவேண்டிய இடம் மென்பொருளன்று, ‘எவரும் நடத்தலாம்’ என்னும் விளம்பர மொழி. அம்மொழி முதல் ஒரு மணிநேரத்தையே காட்டுகிறது. காப்புப்படி எடுத்தல், வட்டு பழுதடைதல், தளப்பெயரைப் புதுப்பித்தல், மின்வெட்டுக்குப் பின் பெட்டி எழாமல் கிடத்தல் ஆகியவை அதன் சட்டகத்துக்குள் வருவதில்லை. நிறுவுதல் ஒருநாள் வேலை. பேணுதல் நாள்தோறும் தொடரும் உழைப்பு. வீட்டில் அது யார் தலையில் விழும் என்ற கேள்வியை விளம்பரங்கள் எழுப்புவதேயில்லை.

இந்தியக் கிராமங்கள் சிலவற்றில் இதே மென்பொருள் பொதுவான வைஃபை நுழைவாயிலாக அமைக்கப்பட்டது. உள்ளூர்க்காரர் உள்ளிருந்தே பெட்டியை அடைவதால் பொதுமுகவரியின் தேவை அங்கு எழவில்லை. மாக்லென் கற்பனை செய்த தனிவீட்டுப் பயனர் அங்கே இல்லை. ஊருக்குப் பொதுவான ஒரு பெட்டியும், பழுதானால் வந்து பார்க்கக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இருந்தனர்.