சரஸ்வதி ஸ்டோர்ஸ்

சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்பது 1932 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட இசைத்தட்டு நிறுவனம் ஆகும். ஏ. வி. மெய்யப்பன், கே. பி. வரதாச்சாரி, சிவன் செட்டியார் ஆகியோர் கூட்டாக இதனைத் தொடங்கினர். ஜெர்மனியின் ஓடியன் முத்திரையில் தமிழ் நாடகப் பாடல்களையும் பிற இசை வகைகளையும் இது வெளியிட்டது. பின்னாளில் ஏவிஎம் என்று அறியப்பட்ட திரைப்பட நிறுவனத்தின் வேர் இந்த இசைத்தட்டுக் கடையிலேயே உள்ளது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியாரிடமிருந்து அரசுக்கும், பின்னர் மக்களுக்கும் சென்ற வரலாறும் இத்தொழிலோடு பிணைந்ததாகும்.

தொடக்கம்

மெய்யப்பன் 1907 ஆம் ஆண்டு சூலை 28 ஆம் நாள் காரைக்குடியில் பிறந்தார். அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் அங்கு நடத்திய ஏவி அண்ட் சன்ஸ் கடையில் பிற பொருட்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. பிறர் தயாரித்த தட்டுகளை வாங்கி விற்பதைக் காட்டிலும் தாமே பதிவு செய்து வெளியிடுவது நல்லது என்ற எண்ணத்துடன் மெய்யப்பன் சென்னைக்கு வந்தார். கூட்டாளிகளுள் ஒருவரான வரதாச்சாரி, எச்.எம்.வி. நிறுவனத்தில் மேலாளராக இருந்து தொழிலை அறிந்தவர். எந்தப் பாடகர் விலைபோவார், எந்த நாடகத்துக்கு ஊர்ப்புறங்களில் வரவேற்பு உண்டு என்பன போன்ற செய்திகள் அவருக்கு அத்துபடி. புதிய நிறுவனத்துக்குப் பணத்தைவிட இவ்வறிவே பெரிய முதலாக இருந்திருக்க வேண்டும்.

ஓடியன் தொடர்பு

ஓடியன் 1903 ஆம் ஆண்டு பெர்லினில் தோன்றிய முத்திரை ஆகும். ஒரு பக்கம் மட்டுமே பாடல் பதிந்த தட்டுகள் விற்கப்பட்ட காலத்தில், 1904 இல் இருபுறமும் பாடல் கொண்ட தட்டுகளை இது விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதன் பணி இரு கட்டங்களாக நடந்தது. முதற்கட்டம் முதல் உலகப் போரின்போது முடிவுற்றது. 1932 முதல் 1938 வரையிலான இரண்டாம் கட்டத்தில் மும்பையும் சென்னையும் மையங்களாக இருந்தன. இக்கட்டத்தில் நாடகப் பாடல்கள், நாடகத் தொகுப்புகள், சொற்பொழிவுகள், செவ்வியல் இசை, நாட்டார் இசை எனப் பல வகைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வெளிவந்தன.

ஒவ்வொரு நாட்டிலும் மக்களின் சுவையை அறிந்த உள்ளூர் வணிகர் ஒருவரைப் பிடித்துக்கொள்வது ஓடியனின் வழக்கம். அர்ஜென்டினாவில் இப்பணியை மாக்ஸ் கிளக்ஸ்மன் செய்தார். 1917 இல் கார்லோஸ் கார்தெல் பாடி டாங்கோ இசையின் போக்கையே மாற்றிய பதிவு அவர் வழியாகவே ஓடியன் முத்திரையில் வெளிவந்தது. கிளக்ஸ்மனும் இசைத்தட்டுகளோடு திரைப்படத் தொழிலிலும் ஈடுபட்டவர். புவெனஸ் ஐரிஸ் நகரின் டாங்கோவும் தமிழ்நாட்டின் நாடகப் பாடலும் ஒரே முத்திரையின் கீழ் விற்கப்பட்டன என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

சென்னைக் கடைத்தெருவில் ஓடியன் எச்.எம்.விக்குப் போட்டியாக விளங்கியது. ஆனால் ஓடியனைத் தன்வசம் வைத்திருந்த லிண்ட்ஸ்ட்ராம் குழுமம் 1926 இலேயே பிரித்தானியக் கொலம்பியா நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டது. 1931 இல் கொலம்பியாவும் எச்.எம்.வியின் தாய் நிறுவனமும் இணைந்து இ.எம்.ஐ. உருவானது. ஆகவே சென்னையில் போட்டியிட்டவை இலண்டனில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தனித்தியங்கிய நிறுவனம் என்று குறிப்பிடும்போது இதனையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

மூன்று நிமிடப் பாடல்

அக்காலத் தட்டுகள் அரக்குக் கலவையால் செய்யப்பட்டவை; நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழல்பவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். மேடையில் விடிய விடிய நடந்த நாடகத்தைப் பல தட்டுகள் கொண்ட தொகுப்பாகச் சுருக்க வேண்டியிருந்தது. நீண்ட ஆலாபனைகளைவிடச் சிந்து, கும்மி, பள்ளு போன்ற எளிய வடிவங்கள் இவ்வளவுக்குள் இயல்பாக அடங்கின.

இவ்வடிவங்கள் தென்காசி வட்டாரத்துக்கு அயலானவை அல்ல. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். காவடிச் சிந்து புகழ் அண்ணாமலை ரெட்டியார் சென்னிகுளத்தில் பிறந்து ஊற்றுமலை ஜமீனில் ஆதரவு பெற்றவர். இந்த மரபின் மெட்டுகளைப் பாரதியாரும் விரும்பிக் கையாண்டார். கேட்டவுடன் நாவில் ஏறும் அவருடைய பாடல்களை இசைத்தட்டு வணிகர்கள் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

திரைப்படத்துறைக்கு மாறுதல்

பேசும்படங்கள் வந்தபின் இசைத்தட்டில் ஈட்டிய அனுபவத்தோடு மெய்யப்பன் சரஸ்வதி சவுண்ட் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கல்கத்தாவில் தயாரிக்கப்பட்டு 1935 இல் வெளியான அல்லி அர்ஜுனா தோல்வியடைந்தது. அடுத்து வந்த ரத்னாவளியும் கைகொடுக்கவில்லை. 1938 இல் வெளியான நந்தகுமாரில், நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பாடிய குரல் சேர்க்கப்பட்டது. தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது குறிப்பிடப்படுகிறது. குரலையும் முகத்தையும் தனித்தனியாகக் கருதுவது இசைத்தட்டு வணிகருக்குப் புதிதன்று. 1945 இல் ஏவிஎம் புரொடக்ஷன்ஸ் தொடங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரும் ஜெர்மனிப் பொருட்கள் மீதான தடையும் ஓடியனின் இந்திய வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன.

பாரதியார் பாடல்களின் உரிமை

பாரதியார் 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபின், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் சுமார் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கடையம் இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 1920 இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் வீதம் அச்சிட விரும்பி, அதற்குக் கடனாகப் பொருளுதவி கேட்டு நண்பர்களுக்கு அவர் கடிதம் எழுதியதும் இங்கிருந்துதான். எதிர்பார்த்த தொகை சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் செல்லம்மாள் சில நூல்களை வெளியிட்டார். பின்னர் நூலுரிமை பாரதி பிரசுராலயத்துக்கும், இறுதியில் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனுக்கும் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையை 1930களில் சூரஜ்மல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்தைச் சார்ந்த ஜேசிங்லால் மேத்தா விலைக்கு வாங்கினார். கவிதை நூலுக்கு ஒரு உரிமையாளர், அதே கவிதையைப் பாடுவதற்கு வேறொருவர் என்ற நிலை இவ்வாறு உருவானது. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1914 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமையைக் காத்தது. அதன்படி 1971 வரை இந்நிலை நீடித்திருக்கும்.

ஜேசிங்லாலிடமிருந்து மெய்யப்பன் 1940களில் இவ்வுரிமையை வாங்கினார். 1947 சனவரியில் வெளியான நாம் இருவர் படத்தில், ஆர். சுதர்சனத்தின் இசையமைப்பில் டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பாகவே சுதந்திரப் பள்ளு திரையரங்குகளில் ஒலித்தது. உழவர் வாழ்வைப் பாடும் பழைய பள்ளு வடிவம், இசைத்தட்டு, திரை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுசேர்ந்தன. படம் பெருவெற்றி பெற்றது.

சிக்கல் அடுத்த ஆண்டு எழுந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் (1948) படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற்றதை எதிர்த்து மெய்யப்பன் சட்டத்தை நாடினார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளைக் காக்க முயன்றார். எனினும் நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாடலைப் பாட ஒரு வணிகரிடம் அனுமதி பெற வேண்டுமா என்ற கேள்வி பொதுமக்களிடையே வலுத்தது. டி. கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியோர் பாரதியார் பாடல்களைப் பொதுவுடைமையாக்க முயன்றனர். அவர்கள் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைச் சந்தித்து அவருடைய இசைவையும் பெற்றனர்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவை 1949 இல் உரிமையை அரசுடைமையாக்கியது. மெய்யப்பன் தம் வசமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் அரசுக்கு வழங்கினார். பாரதியாரின் குடும்பத்தினருக்கு அரசு தொகை அளித்தது. 1950களின் நடுப்பகுதியில் பாரதியார் படைப்புகளை எவரும் வெளியிடலாம் என அரசு அறிவித்தது. ஒரு எழுத்தாளரின் படைப்புகளை அரசு விலைக்கு வாங்கி மக்களுக்கு உரியதாக்கியதற்கு அதற்குமுன் எடுத்துக்காட்டுகள் அரிது. தமிழ்நாட்டில் பின்னர் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கத்துக்கு இதுவே முன்னோடி. இந்நிகழ்வுகளை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆய்ந்து 2018 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டுள்ளார்.

எஞ்சிய தட்டுகள்

இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகளின் தயாரிப்பு 1970 அளவில் நின்றது. அரக்குத் தட்டுகள் எளிதில் உடைபவை. எஃகு ஊசியால் ஒவ்வொரு முறை இசைக்கும்போதும் தேய்பவை. ஓடியன் முத்திரையின் எஞ்சிய இந்தியத் தட்டுகள் பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களிடமே உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, சுரேஷ் சந்த்வண்கரின் முயற்சியால் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளது.