மேலவளவு முருகேசன்: வென்றபின் மறுக்கப்பட்ட பதவி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள மேலவளவு ஊராட்சிக்குத் தேர்தல் வழியே தலைவரான முதல் தலித் முருகேசன். பதவியேற்ற ஆறு மாதங்களுக்குள் அவர் படுகொலை செய்யப்பட்டார். இட ஒதுக்கீடு ஒரு பதவியைத் தருவதற்கும், அப்பதவியின் அதிகாரம் கைக்கு வருவதற்கும் இடையிலான தொலைவை அவரது குறுகிய பொதுவாழ்வு அளந்து காட்டுகிறது.

அரசமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. அதன்படி 1996இல் மேலவளவு தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் இதனை ஏற்கவில்லை. தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. மனுத்தாக்கல் செய்தோர் அச்சத்தால் விலகினர். அக்டோபரில் தேர்தல் நடைபெறவில்லை. டிசம்பரில் நடந்த வாக்குப்பதிவும் வன்முறையால் தடைபட்டது. இறுதியாக, 1996 டிசம்பர் 31 அன்று காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். எனினும் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்ற அவர் அனுமதிக்கப்படவில்லை.

சென்னை மாநகராட்சியில் பட்டியல் சாதியினரின் தலைவர் ந. சிவராஜ் 1945இலேயே மேயரானார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கறுப்பினத்தவரான கார்ல் ஸ்டோக்ஸ் 1967இல் மேயராகத் தேர்வானார். மாநகரங்களில் இயன்றது மேலவளவில் ஏன் இயலவில்லை? சிற்றூரில் தலைவர் பதவி என்பது பொது நிலம், நீர்நிலை, ஏல வருவாய், ஊர் மரியாதை ஆகியவற்றோடு பிணைந்தது. தலைமுறைகளாக ஒரு சாதியின் உடைமையாகக் கருதப்பட்டவற்றைப் பொதுச்சொத்தாக்கும் அதிகாரமே எதிர்ப்பின் உண்மையான காரணம்.

1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பியபோது முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது. துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகியோரும் உடன் கொல்லப்பட்டனர்.

2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தன. ஆயினும் 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய அரசாணையின்கீழ் அவர்களுள் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் சாத்தியமானது. மேலவளவில் அறுவரின் நினைவிடமான விடுதலைக் களத்தில் ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. தனி ஊராட்சித் தலைவர்கள் தத்தம் அலுவலக நாற்காலியில் அமர்கின்றனரா, தேசியக் கொடியை ஏற்றுகின்றனரா, கணக்கேடுகளைத் தாமே கையாளுகின்றனரா என்று கண்காணிப்பதே அந்த அஞ்சலியைப் பொருளுடையதாக்கும்.