பழைய பெல்லட் கணப்பில் புகை திரும்புகிறதா?

குளிர்நாடுகளுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கும் பழைய வீடுகளில், சுவரோரம் இரும்புப் பெட்டி போன்ற ஒரு கணப்பு இருக்கக்கூடும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் ‘பெல்லட்’ கணப்பு அது. 1980களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பரவியது. ஆண்டு முழுவதும் மின்விசிறியைச் சுழலவிட்டே வளர்ந்த நமக்கு அது புதிது. அதன் புகைக்குழாய் பழுதானால் அறைக்குள் புகை மட்டுமா வரும்? நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும் வாயு அது.

விறகு அடுப்பில் சூடான புகை தானாக மேலே ஏறும். இதில் ஒரு விசிறிதான் புகையை இழுத்து, 3 அல்லது 4 அங்குலக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இழுப்பில்தான் எரிகிண்ணத்தின் துளைகள் வழியே தீக்குக் காற்றும் கிடைக்கிறது. எங்கே அடைத்தாலும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றே: பளிச்சென்று துள்ள வேண்டிய சுடர் நீண்டு, செம்மஞ்சளாகச் சோம்பி ஆடும்; கதவுக் கண்ணாடி சீக்கிரம் கறுக்கும்; எரியாத குச்சிகள் குவியும். சில சமயம் கணப்பு தானே அணைந்துவிடும். உள்ளே இழுப்பு குறைந்ததை உணரும் சுவிட்ச் செய்யும் வேலை அது. அந்தச் சுவிட்சைத் தவிர்த்து கம்பிகளை நேரடியாக இணைக்கச் சொல்பவர்களும் உண்டு. கேட்கவே வேண்டாம்.

சுத்தம் செய்யுமுன் கணப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மின்செருகியைக் கழற்றுங்கள். சாம்பலுக்குள் தணல் ஒளிந்திருக்கும். சாதாரணத் தூசு உறிஞ்சியால் இழுத்தால் அதுவே தீப்பிடிக்கலாம். முதலில் எரிகிண்ணத்தின் துளைகள். ஈரம்பட்ட அல்லது மட்டமான குச்சிகள் அங்கே கட்டியாக உறைந்திருக்கும். கிண்ணத்தைத் துடைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பழைய கணப்புகளில் உண்மையான அடைப்பு பெரும்பாலும் தீயறையின் பின்தகட்டுக்குப் பின்னால் உள்ள சாம்பல் வழிகளிலும், விசிறியின் இறக்கைகளிலும், குழாய் திரும்பும் முழங்கைகளிலும்தான். வெளிமூடியையும் பாருங்கள், கோடையில் பறவை கூடு கட்டியிருக்கும்.

அடுத்து கதவு. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாள் எளிதாக உருவி வந்தால் கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் சுடர் சோம்பினால், குழாய் அமைப்பிலேயே கோளாறு இருக்கலாம். ஒவ்வொரு 90 பாகை வளைவையும் 5 அடி நேர்க்குழாய்க்குச் சமமாகக் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கு 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலம் போதாது, 4 அங்குலக் குழாய் வேண்டும்.

விசிறிக்கு அப்பால் குழாயில் புகை அழுத்தத்துடன் செல்வதால், தளர்ந்த இணைப்பு எதுவானாலும் வீட்டுக்குள் கசியும். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அதுவே கசிவு. அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கானால்தான் அடைக்க வேண்டும். மின்சாரம் தடைபட்டால் விசிறி நின்று, மிச்சப் புகை அறைக்குத் திரும்பக்கூடும். அப்போது கணப்பின் கதவைத் திறக்காமல், சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். கணப்பு எரியும்போது வீட்டில் எல்லாருக்கும் ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால், காய்ச்சல் என்று படுத்துவிடாமல் உடனே வெளியேறி அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள்.