கொடுமுடியில் இருந்து கிளம்பிய குரல்

கே.பி.சுந்தராம்பாள் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். ஔவைப்பாட்டி. சரிதானுங்களே?

'ஔவையார்' வெளிவந்தது 1953. அப்போது அவருக்கு வயசு 44 தான்! வெள்ளைச் சேலையும் படத்துக்காகக் கட்டியது இல்லை. 25 வயசிலேயே கட்டியாச்சு.

இன்னைக்கு அந்த 25 வயசுப் பொண்ணைப் பற்றிப் பேசுவோம். வாங்க.

ஈரோட்டில் இருந்து கரூர் போகும் ரயில் பாதையில் வரும் ஊர் கொடுமுடி. காவிரிக்கரை. 1908இல் அங்கே ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர். ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்பார்கள். சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கால நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். எப்படி?

கொஞ்சம் மருத்துவம் சொல்றேன். சாதாரணமாகப் பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை அதிரும். மேல்ஸ்தாயியில் பாடும்போது 500ஐயும் தாண்டும். நம்ம காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் நன்றாக வாங்கும். 'கணீர்' என்று நாம் சொல்லும் குரலில் அந்தப் பகுதி தூக்கலாக இருக்கும். அதனால்தான் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அது காதில் விழும்.

அப்படி ஒரு குரல் இவருக்கு. அதே மாதிரி குரல் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கும்.

இலங்கை மேடைகளில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். காதல் வந்தது, கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே குடும்பம் இருந்தது. சண்டை, பிரிவு எல்லாம் உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயசு 27.

இவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மேடையை விட்டு ஒதுங்கினார்.

அந்தக் காலத்தில் ஒரு கைம்பெண்ணின் கதை அத்தோடு முடிஞ்சிருக்கணும்.

முடியலீங்க.

1935இல் 'நந்தனார்' படம். ஜோடி வேண்டாம் என்றவர், ஆண் வேஷத்தில் நந்தனாராகவே நடித்தார்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அப்போது அந்தத் தொகையைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது.

கூடவே தேச விடுதலைப் பாட்டுகள், இசைத்தட்டுகள், சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் பிரசார மேடைகள். பிறகு சென்னை சட்ட மேலவை உறுப்பினர். ரயிலில் பாடிய பொண்ணுக்குச் சட்டமன்றத்தில் நாற்காலி!

1964இல் 'பூம்புகார்', கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', மறுபடியும் ஔவை. 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போது வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

நாடகம், இசைத்தட்டு, அரசியல் மேடை, சினிமா, சட்ட மேலவை. ஒரே குரல், எத்தனை இடம் பாருங்க!

இதை ஒரு டாக்டர் ஏன் எழுதணும்?

புருஷனை இழந்த சின்ன வயசுப் பெண்கள் எங்க ஓபிக்கு வருவாங்க. தலைவலி, தூக்கம் வரலை, உடம்பு அசதி என்பாங்க. விசாரிச்சா, வேலைக்குப் போறதை வீட்டில் நிறுத்தியிருப்பாங்க. "இனிமே எதுக்கு?" என்று கேட்டிருப்பாங்க.

துக்கம் இயல்பு. அதற்கு அவகாசம் வேணும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லை என்றால் அவசியம் மருத்துவரைப் பாருங்க. ஆனா அவங்க வேலையை, படிப்பை, பாட்டைப் பிடுங்கிட்டு நாங்க கொடுக்கிற மாத்திரை மட்டும் அவங்களைத் தூக்கி நிறுத்தாது.

சுந்தராம்பாள் துக்கத்தை மறைக்கலை. கடைசி வரைக்கும் வெள்ளைச் சேலைதான். ஆனா பாட்டை விடலை.

உங்க வீட்டில், பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பொண்ணு இருந்தா, "மறுபடி எப்போ வேலைக்குப் போறே சாமி?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.