கலியாண வீடியோவும் 25 பிரேமும்

நம்மட ஊரில் ஒருவர் எடுத்த குறும்படத்தைப் பார்த்து "கலியாண வீடியோ மாதிரி இரிக்கி" என்று சொன்னால் அதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. உடனே "கமரா சரியில்ல, புதுசா ஒண்டு வாங்கணும்" என்ற பேச்சு தொடங்கும். ஆனால் கலியாண வீடியோ ஏன் அப்படித் தெரியுது, சினிமாப் படம் ஏன் வேற மாதிரித் தெரியுது என்பதற்கு விலை முதல் காரணம் இல்லை.

1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது ஒலிக்காக வேகத்தை ஒரே அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. செக்கனுக்கு 24 பிரேம் என்று முடிவானது. டீவி வேற வழியில் போனது. 1982-ல் ரூபவாஹினி வந்தது. இலங்கை எடுத்துக்கொண்டது பால் முறை. அதில் செக்கனுக்கு 25 பிரேம்தான், ஆனால் ஒவ்வொரு பிரேமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக, வெவ்வேறு கணத்தில் பதிவாகும். அதாவது படச்சுருள் செக்கனுக்கு 24 கணங்களைப் பார்க்குது, வீடியோ 50 கணங்களைப் பார்க்குது.

மருதமுனையில் ஒரு கைத்தறிக்கு முன்னால் இரண்டு கமராவையும் வெச்சுப் பார்த்தால் விளங்கும். வீடியோவில் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுறது தெளிவாகத் தெரியும். படச்சுருளில் அது ஒரு மங்கல் கோடு. சினிமா என்று நம்மட கண் பழகினது அந்த மங்கலுக்குத்தான். 2012-ல் 'த ஹாபிட்' படத்தை 48 பிரேமில் எடுத்தபோது, அவ்வளவு செலவழிச்ச படத்தையே பலர் டீவி நாடகம் மாதிரி இருக்கு என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க வீடியோ செக்கனுக்கு ஏறக்குறைய 30 பிரேம். அதை 24 ஆக்கினால் அசைவு திக்கித் திக்கிப் போகும். அதனால் 1990களின் கடைசியில் அங்கே கைக்காசில் படம் எடுத்த சிலர் பால் கமராவைத் தேடிப் போனார்கள். 25-ஐ 24 ஆக ஓட்டினால் 90 நிமிடப் படம் 94 நிமிடமாகும், அவ்வளவுதான். நம்மட வீடியோக்காரர்கள் கலியாணம் கலியாணமாகத் தோளில் சுமந்த முறையும் அதுதான். லண்டனில் டானி பாயில் '28 டேய்ஸ் லேட்டர்' (2002) படத்தின் பெரும் பகுதியை எடுத்தது கேனன் எக்ஸ்எல்1 என்ற சிறிய பால் வீடியோக் கமராவில். ஆளில்லாத நகரம் அதில் கரடுமுரடாகத் தெரியும். கடைசியில் வரும் நம்பிக்கையான காட்சியை மட்டும் 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்.

அதே ஆண்டு பானசோனிக் டிவிஎக்ஸ்100 வந்தது. சாதாரண ஆள் எட்டக்கூடிய விலையில், பிரேமைப் பாதியாக உடைக்காமல் முழுசாகப் பதிகிற கமரா. தமிழ்நாட்டில் பி.சி. ஸ்ரீராம் 'வானம் வசப்படும்' (2004) படத்தை எச்.டி.யில் செய்தார். 2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. முதலில் 30 பிரேம் மட்டும்தான், 2010 மார்ச்சில்தான் 24, 25 கிடைத்தது. 'வழக்கு எண் 18/9' (2012) ஸ்டில் கமராவில் எடுத்த படம். 5டி பெரிய சென்சாரோடு ஒரு பழக்கத்தையும் கொண்டு வந்தது: பின்னணியை மங்கலாக்கினால் அது சினிமா. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கல்முனைச் சந்தையை மங்கலாக்கிவிட்டு கல்முனையைப் பற்றி என்னத்த காட்டுறது?

கமரா தேடும்போது நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது வெளிச்சத்தைத் தாங்கும் சக்தியை. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் உச்சி வெயிலில் வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, பின்னால் கடல். பழைய வீடியோவில் வெள்ளை ஒரேயடியாக வெட்டுப்பட்டுப் போகும். படச்சுருளில் மெதுவாகக் கரையும். அடுத்தது 25 பிரேம், ஷட்டர் 1/50. நம்மட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மினுங்காது. கையில இருக்கிற போனை 30-லேயே விட்டுவிட வேணாம். வெயிலில் 1/50 வைக்க ஒரு என்டி பில்டர் வேணும். புது கமராவுக்கு முதல் அதை வாங்கலாம்.

ஆனால் பழைய கசெட்டுகள் வேற கதை. 2004 டிசம்பர் 26-ல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பல வீடுகளில் ஒரு மாமியின், ஒரு சாச்சாவின் நடை, சிரிப்பு எல்லாம் இருக்கிறது யாரோ ஒருவரின் கலியாண வீடியோவில்தான். உப்புக் காற்றில் கசெட்டுகளும் பூஞ்சணம் பிடிக்குது. இப்ப அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றும்போது படம் மாதிரி வரட்டும் என்று 25 முழுப் பிரேமாக ஆக்கிக் கொடுக்கிறாங்க. அப்படிச் செய்தால் பெரும்பாலும் இரண்டு பாதியில் ஒன்றைத் தூக்கிப் போடுறாங்க. செக்கனுக்கு 25 கணம் போய்விடும். கசெட்டும் பழுதானால் பிறகு எடுக்க ஏலாது. கடையில் கொடுக்கும்போது "இன்டர்லேஸ்ட் ஆகவே ஒரு கொப்பி தாங்க" என்று கேளுங்க. போனில் பார்க்க வேணுமெண்டால் அந்தக் கொப்பியிலிருந்து 50 முழுப் பிரேமாக மாற்றிக்கொள்ளலாம், எந்தக் கணமும் போகாது.