கலகெதரக் கணவாயும் வாக்குச் சீட்டும்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெரு மலைநாட்டை விட்டிறங்கும் பகுதியில் அமைந்துள்ளது கலகெதர. கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிய இவ்விடத்து அரணை 1803ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படை கைப்பற்றியது. அன்று துப்பாக்கியோடு வந்த அதே நாட்டிலிருந்து, 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நால்வர் வேறொரு கருமத்தை முன்னிட்டு இலங்கைக்கு வந்தனர். இந்நாட்டின் அரசியலமைப்பை ஆராய்ந்து கூறுவதே அவர்கள் பணி. டொனமூர் பிரபு தலைமை வகித்த அக்குழுவில் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். அவரே வைத்தியர் திரமண்ட் சீல்ஸ்.

சீல்ஸ் பிரபு குடும்பத்திற் பிறந்தவரல்லர். 1881இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே பிறந்து, புகைப்படத் தொழில் செய்து வாழ்ந்தவர். முதலாம் உலகப் போரிலே போராடி வீரப் பதக்கம் பெற்றார். போர் முடிந்தபின், நாற்பது வயதை ஒட்டிய காலத்தில் மருத்துவம் கற்று 1924இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே எடின்பரோ கிழக்குத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பினர். இலங்கைக்கு வந்தபோது அவர் அங்கத்தவராகி மூன்றாண்டுகளே கழிந்திருந்தன.

அக்காலத்தில் இலங்கைச் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சொத்தும் வருமானமும் கல்வியுமே அவ்வுரிமைக்கு அளவுகோல்கள். கண்டியத் தலைவர்கள் சமஷ்டி ஆட்சி வேண்டுமென்றனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற முதுபெருந் தலைவர்கள் வாக்குரிமையைப் பாமரர்க்கு விரித்தல் தகாதென்றனர். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற் சங்கமோ அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்றது; மாதர் வாக்குரிமைச் சங்கத்தினர் பெண்களுக்காக வழக்குரைத்தனர். வாக்கில்லாத ஏழையின் குறையை ஆள்வோர் செவிமடுப்பதில்லை என்பது சீல்ஸ் சார்ந்த கட்சியின் கொள்கை. ஒரு சிறு கூட்டத்தாரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு அதனைச் சுயாட்சி என்று கூறலாகாது என்ற கருத்தே 1928இல் வெளிவந்த அறிக்கையிலும் மேலோங்கி நின்றது. அது சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. இந்நாட்டில் ஐந்தாண்டு வசித்த தோட்டத் தொழிலாளரையும் அதில் அடக்கிற்று.

எதிர்ப்பு எழுந்தது இவ்விடத்திலேதான். தோட்டத் தமிழர் வாக்களித்தால் தங்கள் தொகுதிகள் கைமாறிவிடுமென்று கண்டியத் தலைவர் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு இடங்கொடுத்த தேசாதிபதி ஸ்டான்லி, நிரந்தர வதிவுரிமையை நிரூபித்தல் முதலிய நிபந்தனைகளை விதித்தார். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை, 19க்கு 17 என்ற வாக்குகளால் புதிய திட்டத்தை ஏற்றது. அதே மாதத்தில் சீல்ஸ் குடியேற்ற நாட்டு இலாகாவின் உதவி மந்திரியானார். அறிக்கையிற் கையொப்பமிட்டவரே பதவியில் இருந்தும், அந்நிபந்தனைகள் 1931ஆம் ஆண்டுக் கட்டளையில் நிலைபெற்றன. ஒருவர் நோக்கம் எத்துணை விரிவாயினும், அவர் அமரும் ஆசனத்திற்கு எல்லையுண்டு.

எனினும் விதை விழுந்துவிட்டது. இங்கிலாந்தின் பெண்கள் 21 வயதில் வாக்குரிமை பெற்றது 1928இல். மூன்றே ஆண்டுகளில், 1931இல், கண்டிக் கிராமத்து உழவனும் அவன் மனையாளும் அதனைப் பெற்றனர். யாழ்ப்பாணம் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. மலைநாட்டிலோ ஹட்டன் தொகுதியின் பெரி சுந்தரம் அரசாங்க சபை சென்று தொழில் மந்திரியானார். அவ்வாண்டிலேயே எடின்பரோ வாக்காளர் சீல்ஸைத் தோற்கடித்தனர். அவர் போற்றிய வாக்குச் சீட்டே அவரை வீட்டுக்கு அனுப்பிற்று.

1947இல் கலகெதர பாராளுமன்றத்துக்குத் தனித் தொகுதியாயிற்று. அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. ஆயின் 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1953இல் சீல்ஸ் மறைந்தபோது அவ்வுரிமை மீளவில்லை. எஞ்சியிருந்தோர்க்கும் அதனை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஓர் அரணைக் கைப்பற்ற ஒரு படை போதும்; எளியவன் கையில் ஒரு வாக்குச் சீட்டு நிலைத்து நிற்பதற்கோ தலைமுறைகள் வேண்டியிருந்தன.